கேட்டுக்கு வெளியே மூன்று செங்கல்

மக்களே,

பாத்திரக் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். திருவனந்தபுரம் பழவங்காடியில் இந்த மத்தியான நேரத்தில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிற சத்தம்கூட ஓய்ந்திருக்கிறது. பஸ்காரர்கள் மட்டும் ஓயவில்லை. நாளைக் காலையில் உன் சாமான்களை ஏற்றிப் போக வண்டி வரும். கரமனையில் நீயும் உன் சிநேகிதி லதாவும் வாடகைக்குப் பிடித்திருக்கிற வீட்டுக்குக் குடிபோகிறாய். சொல்ல வேண்டியதை நேரிலேயே சொல்லலாம்தான். ஆனால் நான் உன்னை 'மக்களே' என்று விளித்து வாயைத் திறப்பதற்குள் "சரிப்பா, சரிப்பா" என்று நீ அடுக்களைக்குள் போய்விடுவாய். எழுதிக் கொடுத்தால் தப்பிக்க முடியாது அல்லவா? நாலு பேர் படிக்கும்படி இது அச்சில் வரட்டுமா என்று போன வாரம் உன்னைக் கேட்டேன். சப்பாத்தி செய்து விற்கிற யூனிட்டுக்கு வேலைக்குப் போகிற அவசரத்தில் தலையைப் பின்னிக்கொண்டே சொன்னாய்: "எம் பேரு போடாண்டாம்ப்பா. நோய்க்க பேரைப் போடுங்க. அதைத்தான் எல்லாரும் முழுங்குதாங்க." போட்டுவிட்டேன். ஸ்கிசோஃப்ரினியா. இந்தச் சொல்லை ஒழுங்காகச் சொல்ல எனக்குக் கற்றுக்கொடுத்தவளே நீதான். அதற்கு முன்னால் ரொம்ப காலம் 'பிள்ளைக்குச் சுகமில்லை' என்று சொல்லியே ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன்.

நீ தனியாகப் போவது உன் அத்தைக்குப் பிடிக்கவில்லை. நாகர்கோவிலில் இருந்து தினமும் போன். "ஏலே, உனக்குக் கூறு இருக்கா? சீக்குக்காரப் பிள்ளைய இன்னொரு சீக்குக்காரியோட அனுப்புதியே, நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்லுவா? நல்ல ஹோம் ஒண்ணு பாத்துச் சேத்துரு. நீ கண்ணை மூடினாலும் அவளுக்குச் சோறு உண்டும்லா." அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. படியேறினால் எனக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்துவிட்டுப் போனவள் அவள். எனக்குப் பிறகு நீ எங்கே, யாருடன் இருப்பாய் என்ற கேள்வி எனக்கும் இல்லாமல் இல்லை. பாத்திரத்துக்கு விலை சொல்லும்போதுகூட அது மனதில் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் நான் முடிவு செய்துவிட்டேன், மக்களே. சோறு போடுகிற இடங்கள் இருக்கலாம். ஒரு நாள் உன்னைக் காணவில்லை என்றால் 'அந்தப் பிள்ளை எங்கே?' என்று கேட்க ஆள் இருக்கிற இடத்தில் நீ வாழ வேண்டும். இந்தப் பிடிவாதம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று அத்தை கேட்கிறாள். கொரோனாக் காலத்திலிருந்தும், அது முடிந்து வந்த முதல் பொங்காலையிலிருந்தும் வந்தது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

பொங்காலையைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதைப் படிக்கப் போகிற வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். மாசியில் ஆற்றுக்கால் அம்மனுக்குப் பொங்காலை வந்தால் திருவனந்தபுரத்தில் ரோடெல்லாம் அடுப்பு. மூன்று செங்கல், ஒரு புது மண்பானை, அரிசி, வெல்லம், தேங்காய். பெண்கள் மட்டும்தான் இடலாம். ஆண்களுக்குத் தண்ணீர் சுமக்கிற வேலை. முன்கூட்டியே செங்கல்லை வைத்து இடம் பிடித்துவிடுவார்கள். கோயில் அடுப்பில் தீ மூட்டியதும் அந்தத் தீதான் காய்ந்த தென்னோலையைக் கட்டிய சூட்டு என்கிற பந்தத்தில் ஏறி, அடுப்பிலிருந்து அடுப்புக்குக் கைமாறித் தெருத் தெருவாக வரும். பையில் தீப்பெட்டி இருந்தாலும் ரோட்டில் யாரும் உரச மாட்டார்கள். பக்கத்தில் இருப்பவள் தருகிற தீயை வாங்கி, அடுத்து இருப்பவளுக்குக் கொடுக்க வேண்டும். அவள் எந்த ஊர், எந்த ஜாதி என்று கேட்கிற வழக்கமில்லை.

அந்த சீசனில் நம் கடை வாசலில் மண்பானை மலையாகக் குவிந்திருக்கும். ஒவ்வொன்றையும் தட்டித் தட்டிக் காட்டி விற்பேன். பொங்காலை அன்று கடை கிடையாது. ஆட்டக்குளங்கரைச் சந்தில் நம் வீட்டுக் கேட்டுக்கு வெளியே உன் அம்மா அடுப்பு வைப்பாள். நீயும் நானும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்போம். காலேஜில் படிக்கையில் உனக்கு நோய் தொடங்கிய வருடம் மைக் சத்தமும் பெண்கள் நாக்கைச் சுழற்றி எழுப்புகிற குரவையும் புகையும் சேர்ந்து, உன் காதுக்குள் பேசுகிற குரல்கள் உன்னைப் படாதபாடு படுத்திவிட்டன. "கொஞ்ச நாளைக்குக் கூட்டம் வேண்டாம்" என்றார் டாக்டர். அந்தக் கொஞ்ச நாளை நாங்கள் இழுத்து இழுத்துப் பல வருடமாக்கினோம். சொன்ன டாக்டர் மறந்திருப்பார், நாங்கள் விடவில்லை. அம்மா தவறாமல் உனக்காக மண்டைப்புற்று செய்வாள். பயற்றமாவைத் தலைபோல உருட்டி அவிக்கிற பலகாரம் அது; தலை சம்பந்தப்பட்ட சீக்கு தீர நேர்ச்சை. உன் தலைக்காக அடுப்பில் ஒரு தலை வேகும். அதை நீ ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பாய்.

அம்மா கண்ணை மூடிய பிறகு நீயாகத்தான் எழுந்தாய். உன்னைப் போன்றவர்களுக்கான பகல் மையத்துக்குக் கிழக்கேகோட்டையிலிருந்து தனியாக பஸ் ஏறிப் போகப் பழகினாய். முதலில் சில நாள் நான் அடுத்த பஸ்ஸில் ஒளிந்து வந்தேன். உனக்கு அது தெரிந்திருந்தது என்பதை நீ ரொம்ப நாள் கழித்துச் சொல்லி என் மானத்தை வாங்கினாய். கண்டக்டர் உன்னை அடையாளம் வைத்துக்கொண்டு ஸ்டாப் வந்தால் குரல் கொடுத்தார். மையத்து வாசல் டீக்கடைக்காரருக்கு உனக்குச் சர்க்கரை எவ்வளவு என்று தெரிந்தது. லதாவும் நீயும் கேரம் போர்டில் போட்ட சண்டையை வீட்டுக்கு வந்தும் எனக்கு நடித்துக் காட்டுவாய். மாத்திரை உன் குரல்களை அடக்கிவைத்தது. அந்த பஸ்ஸும் டீயும் சண்டையும் உன்னை ஊருக்குள் நடக்கவைத்தன.

பிறகு கொரோனா வந்தது, ஒரே நாளில் எல்லாவற்றுக்கும் பூட்டு. மையம் இல்லை, பஸ் இல்லை, டீக்கடை இல்லை. மருந்துச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, போலீஸ் தடுப்பில் காட்டிக் காட்டி, உன் மாத்திரையை நடந்தே போய் வாங்கி வந்தேன். அப்போது யாருக்குப் போன் போட்டாலும் முதலில் ஓர் இருமல் கேட்கும், பிறகு ஒரு பெண் குரல் எச்சரிக்கும். அவள் உன்னை மட்டும்தான் எச்சரிக்கிறாள் என்று நினைத்துவிட்டாய். "அப்பா, அவ என்னையத்தான் சொல்லுதா." நான் ஸ்பீக்கரில் போட்டு, "எனக்கும் கேக்குது பாரு மக்களே" என்றேன். நீ கொஞ்சம் யோசித்தாய். "அப்ப உங்களுக்கும் மாத்திரை வேணும்." அந்தப் பாழாய்ப்போன நாட்களில் நாம் இருவரும் சேர்ந்து சிரித்தது அப்போதுதான். அதற்குப் பிறகு நீ குளிக்க மறுத்தாய், கதவுக்குப் பின்னால் உட்கார்ந்தாய், தட்டை நகர்த்தி வைத்தாய். மையத்து மேடம் தினமும் போனில் பேசினார், நல்ல மனுஷி. ஆனால் போனில் கேரம் ஆட முடியுமா? இத்தனை வருடம் சேர்த்தது கைவிட்டுப் போகிறதே என்று பயந்தேன்.

அப்போதுதான் எதிர்வீட்டு ஓமனச் சேச்சிக்குக் காய்ச்சல் வந்தது. மகன் துபாயில், தனியாக இருக்கிற மனுஷி. அவர் வீட்டு வாசலைக் கண்டாலே தெரு விலகிப் போனது, நானும் விலகித்தான் போனேன். கதவுக்குப் பின்னால் இருந்து நீ கேட்டாய்: "அந்தச் சேச்சி சாப்பிட்டாங்களாப்பா?" எனக்குத் தெரியவில்லை. நீ எழுந்து கஞ்சி வைத்தாய். தூக்குவாளியில் ஊற்றி, சேச்சி வீட்டு கேட் முன்னால் ஸ்டூலில் வைத்துவிட்டு, நம் கேட்டுக்குத் திரும்பி வந்து, "சேச்சீ, கஞ்சி!" என்று கத்தினாய். எத்தனையோ நாளுக்குப் பிறகு உன் சத்தத்தைத் தெரு கேட்டது. சாயங்காலம் ஆனால் சந்தின் இந்தப் பக்கம் நீயும் அந்தப் பக்கம் சேச்சியும் நின்று பேசுவது வழக்கமாயிற்று. ஒரு நாள் சேச்சி அழுகிற குரலில் கேட்டார்: "மோளே, இப்படி அகத்தே அடைஞ்சு கிடந்தா எனக்குக் கிறுக்கு பிடிச்சுப் போகும். நீ எங்ஙனெ இத்தனை வருஷம் இருந்தே?" கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். நீ ஒன்றும் கோபிக்கவில்லை. டாக்டரைப் போல நிதானமாகச் சொன்னாய்: "எழும்பின உடனே பாயைச் சுருட்டி வச்சிரணும் சேச்சி. குளிக்காண்டாம்னு தோணும்போது கண்டிப்பா குளிக்கணும். ஆராவது விளிச்சா, பிடிக்கலேன்னாலும் பதில் சொல்லணும்." உன் பாய் அன்று உள்ளே விரித்தபடியே கிடந்தது என்பது எனக்கும் உனக்கும் மட்டும் தெரியும். ஆனால் மறுநாள் காலையில் பாய் சுருட்டியிருந்தது. ஈரத் தலையோடு நீ கேட்டில் நின்று சேச்சியை விளித்துக்கொண்டிருந்தாய்.

கொரோனா அடங்காததால் மாசி வந்தும் ரோட்டில் அடுப்பு இல்லை. அவரவர் வீட்டு வளாகத்தில் பொங்காலை இட்டுக்கொள்ளச் சொன்னார்கள். நீ என்னிடம் வந்து, "அப்பா, இந்தத் தடவ நான் இடட்டா? எல்லாரும் வீட்டுக்குள்ளதானே" என்றாய். ஊருக்கெல்லாம் பானை விற்றவன், உனக்கென்று ஒரு பானையைத் தட்டிப் பார்த்து எடுத்து வந்தது அன்றுதான். கேட்டுக்கு உள்ளே அடுப்பு வைத்தோம். டிவியில் கோயில் அடுப்பு மூண்டதும் நீ தீப்பெட்டியை உரசிப் பற்றவைத்தாய். பானை பொங்கி வழிந்தபோது எதிர்வீட்டில் இருந்து சேச்சி குரவை இட்டார். மறு வருடமும் அப்படியே. ஊர் முழுக்க உன்னைப் போல உள்ளே உட்கார்ந்த அந்த வருடங்களில்தான், மக்களே, நீ வெளியே வரத் தொடங்கினாய்.

பிறகு ஊர் திறந்தது, மையம் திறந்தது, உனக்குச் சப்பாத்தி யூனிட்டில் வேலையும் கிடைத்தது. இந்த முறை ரோட்டில் பொங்காலை என்றார்கள். நான் வழக்கம்போல முந்தின நாள் சாயங்காலம் செங்கல்லைக் கழுவி, கேட்டுக்கு உள்ளே அதே இடத்தில் வைத்தேன். நீ வேலை முடிந்து வந்து பார்த்தாய்.

"என்னப்பா இது?"

"அடுப்பு மக்களே. கொரோனாவுல வச்ச அதே இடம்லா. நல்லாப் பொங்கிச்சே."

"மத்தவங்க எல்லாம் எங்க இடுதாங்க?"

"ரோட்டுல. ஆனா அங்க மைக்கு, புகை, தீயி..."

"கொரோனா போயிட்டுப்பா. எல்லாரும் வெளியில. நான் மட்டும் எதுக்கு உள்ள?"

நீ குனிந்து ஒவ்வொரு செங்கல்லாகத் தூக்கிக் கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் வைத்தாய். அந்த நேரம் பார்த்து அத்தையின் போன். மண்டைப்புற்று செய்ய மறந்துவிடாதே என்று. போனை என்னிடமிருந்து வாங்கி, "தலைக்கு மாத்திரை இருக்கு அத்தை, மறக்காமப் போடுதேன். அம்மனுக்கு எல்லாரையும் போலப் பொங்கல் மட்டும் இடுதேன்" என்றாய். அதோடு விடவில்லை. என்னையும் உட்காரவைத்து ஒழுங்குபடுத்தினாய். காதில் பஞ்சு வைத்துக்கொள்வாய், கேட்டை ஒட்டியே இருப்பாய். உள்ளங்கையை விரித்துக் காட்டினால் நான் கிட்டே வரக்கூடாது. இரண்டு கையையும் தூக்கினால் மட்டும் வரலாம். மையத்தில் மேடத்தோடு பேசி இதையெல்லாம் முடிவு செய்து வைத்திருந்தாய். நான்தான் ஒன்றும் தெரியாமல் செங்கல் கழுவிக்கொண்டிருந்தேன்.

ஓமனச் சேச்சி தன் வீட்டு வாசலை விட்டுவிட்டு உன் செங்கல்லுக்குப் பக்கத்தில் வந்து வைத்தார். உனக்கு அந்தப் பக்கம் மூலை வீட்டு டீச்சர். அந்த இடம் அவருடையதுதான். காலையில் வந்தவர், பக்கத்தில் நீ என்று கண்டதும் தன் செங்கல்லை எடுத்துக்கொண்டு போய், கரண்ட் போஸ்ட்டையும் தாண்டிச் சந்தின் கடைசிச் சுவரோரம் வைத்தார். நீ பார்த்தாய். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நீ கையை விரித்தாய். நம் சந்து முட்டுச்சந்து. பெரிய ரோட்டிலிருந்து வருகிற தீ சேச்சியிடம் வந்து, உன்னிடம் வந்துதான் டீச்சரிடம் போக முடியும். இத்தனை வருடம் பொங்காலை இட்ட டீச்சருக்கு, உன்னை விட்டு விலகுகிற அவசரத்தில் இது தோன்றவில்லை.

மைக்கில் அறிவிப்பு வந்தது, சந்து முழுக்கக் குரவை எழுந்தது. உன் முகம் மாறியதை நான் கண்டேன். உதடு அசைந்தது, உள்ளே யாரோ உன்னிடம் பேசுகிறார்கள், நீ பதில் சொல்கிறாய். நான் தண்ணீர் வாளியைக் கீழே வைத்துவிட்டு ஓர் அடி எடுத்து வைத்தேன். உன் உள்ளங்கை விரிந்தது. நின்றேன். சேச்சி தன் அடுப்பு பற்றியதும் எரிகிற சூட்டை நீட்டி, "இந்தா மோளே, பிடிச்சோ" என்றார். நீ வாங்கி உன் அடுப்பைப் பற்றவைத்தாய். அதற்குள் டீச்சர் கையில் எரியாத சூட்டோடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தார். "ஓமனே, இங்கோட்டு கொஞ்சம் தீ கொண்டு வரணே" என்று குரல் கொடுத்தார். சேச்சி அடுப்பை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. "எனக்க தீயை அவளுக்குக் கொடுத்தாச்சு டீச்சரே. உங்களுக்கு அவளாக்கும் தரணும்."

நீ எழுந்தாய். எரிகிற சூட்டைப் பிடித்துக்கொண்டு, புதுப் புடவையோடு, எல்லாரும் பார்க்க, அந்தக் காலி இடத்தைக் கடந்து நடந்தாய். கையில் தீயோடு உன்னை நான் அதுவரை எந்தக் கனவில் கண்டாலும் பதறி எழுந்திருப்பேன். என் கால் தானாக முன்னால் போனது. நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முதுகுக்குப் பின்னால் கையை விரித்தாய். டீச்சர் தயங்கினார். சூட்டை நீட்டவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. ஓலை எரிந்து எரிந்து உன் விரலுக்கு வந்துகொண்டிருந்தது. "டீச்சர், கை சுடுது. வேகமாப் பிடிங்க" என்றாய். அவர் பிடித்துக்கொண்டார். அவர் அடுப்பும் பற்றியது. மறு வருடம் அவர் செங்கல் கரண்ட் போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டது. முழுதாக உன் பக்கத்தில் வரவில்லை. பாதி தூரம் வந்திருக்கிறது. அது அவர் பாடு.

இதை அதிசயம் என்று எழுதினால் நீ இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடுவாய். பொங்காலை முடிந்து நீ அப்படியே படுத்துவிட்டாய். பல நாள் குரல்கள் உன்னைத் தூங்கவிடவில்லை. டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். இதற்கா இவ்வளவு பாடு என்று நான் முனகினேன். கண்ணைத் திறக்காமல் சொன்னாய்: "உள்ள இருந்தாலும் அது வருதுப்பா, வெளியில போனாலும் வருது. அப்ப வெளியில போறேன்." அத்தைக்கு நான் சொல்கிற பதிலும் அதுதான். ஏதாவது ஆகும். நம் வீட்டில் இருந்தபோதும் ஆகத்தான் செய்தது.

அப்பன் என்ற முறையில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பல்லைக் கடித்துக்கொண்டு படி. மாத்திரையை லதா உனக்கும் நீ லதாவுக்கும் ஞாபகப்படுத்துங்கள். அதை வைத்துச் சண்டை வந்தால் கேரம் ஆடித் தீர்த்துக்கொள்ளுங்கள். உடம்பு மோசமாகி ஆஸ்பத்திரியில் கிடக்க வேண்டி வந்தால் தோற்றுப்போனதாக நினைக்காதே, சர்க்கரைக்காரர்களும் கிடக்கிறார்கள். நோய் என்னவென்று நீயே சொன்னபோது முகத்தைச் சுளித்து வீடு இல்லை என்றவர்களை மறந்துவிடு. கேட்டுவிட்டு, "வாடகை ஒழுங்காத் தருவியா மோளே, அது போதும்" என்று சாவியைக் கொடுத்த வீட்டுக்கார அம்மாவுக்கு ஒழுங்காக வாடகை கொடு. தெருவில் ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன் கூட்டம் என்றால் போ, பின்வரிசையில் உட்காராதே. குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் எல்லாரோடும் சேர்ந்து சத்தம் போடு. பக்கத்து வீட்டில் ஆளைக் காணவில்லை என்றால் சாப்பிட்டாரா என்று கேள். அது உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. நீ இல்லாத வீட்டுக்குள் நுழையும்போது எனக்கு அழுகை வரும். வரட்டும், அழுதுகொள்கிறேன். அதற்காக நீ நிற்க வேண்டாம்.

நம் முற்றத்தில் கிடந்த செங்கல் மூன்றையும் காலையில் சாக்கில் கட்டி வாசலில் வைத்துவிட்டேன். உன் பெட்டியோடு அதையும் வண்டியில் ஏற்றிக்கொள். கரி பிடித்திருக்கிறது, கழுவவில்லை. எங்கே வைக்க வேண்டும் என்று உனக்குத் தெரியும். மாசியில் நான் தண்ணீர் வாளியோடு கரமனைக்கு வந்து உன் தெருவின் எதிர்ப்பக்கம் நிற்பேன். உன்னைத் தீயோடு பார்த்தால் எனக்குக் கால் நிற்காது, எத்தனை வயதானாலும் ஓடிவரத்தான் பார்ப்பேன். நீ அன்றைக்குக் காட்டிய அதே கையைக் காட்டு. நான் நின்றுவிடுவேன்.

உன் அப்பா